ஏத்துமீன்

பங்குனி வெயிலில் கண்மாய்க்குள் இறங்கி நாங்கள் கிட்டிப்புள் ஆடியிருக்கிறோம். கரிசல் பூமி என்பதால் தண்ணீர் வற்றியதும் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். வெடிப்புக்குள் புள் விழுந்தால் முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவ வேண்டும். அதே இடத்தில் கார்த்திகை மாதம் ஆள் முங்கத் தண்ணீர் கிடக்கும்; தண்ணீருக்குள் கெண்டை புரளும், கெளுத்தி குத்தும், விரால் எகிறும். இந்த மீனையெல்லாம் விதைத்தது யார் என்பதுதான் எங்கள் வயதுப் பயல்களுக்கு இருந்த பெரிய சந்தேகம்.

எங்கள் ஊர் திருவேங்கடம், அப்போது திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா. (இப்போது தென்காசி மாவட்டம்; அது பிறந்தது 2019 நவம்பரில்.) மானாவாரி ஊர். பருத்தி, உளுந்து, கம்பு, மிளகாய். வெள்ளாமை பொய்த்தால் தீப்பெட்டி ஒட்டுவது. வற்றாத ஆறு ஒன்றும் பக்கத்தில் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாயில் தேக்கினால்தான் பிழைப்பு.

மீன் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். மழையோடு வானத்திலிருந்து விழுகிறது என்பதுதான் டீக்கடைப் பெரியவர்களின் ஏகமனதான முடிவு. என் தாய்மாமா மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். சித்திரையில் வண்டி கட்டிக்கொண்டு கண்மாய்க் கரம்பை அள்ளப் போகும்போது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மடைப்பள்ளத்தில் ஈரம் காயாமல் கிடந்த சேற்றை மண்வெட்டியால் புரட்டினார். உள்ளே உயிரோடு ஒரு குரவை நெளிந்தது.

"வானத்துல இருந்து விழுதாம்ல, வானத்துல இருந்து. இந்தா கெடக்கான் பாரு, மழைக்குக் காத்துக்கிட்டு" என்றார்.

விராலும் குரவையும் காற்றைக் குடித்து உயிர் தரிக்கத் தெரிந்தவை. ஈரச்சேறு இருந்தால் கோடையைத் தாக்குப்பிடித்துவிடும். கெண்டைக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அது எங்கேயாவது வற்றாத கிடங்கில் கிடந்து கோடையைக் கழித்துவிட்டு, கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் கண்மாய்க்குக் கண்மாய் தொட்டு ஓடும்போது அந்தத் தண்ணீரை எதிர்த்து ஏறும். அப்படி ஏறுவதைத்தான் ஏத்துமீன் என்போம்.

கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாகத் தண்ணீர் சாடும் ராத்திரி ஊரில் ஒருவரும் தூங்க மாட்டார்கள். "மறுகால் விழுந்துருச்சு" என்று தெருவில் யாராவது ஒருவர் சத்தம் கொடுத்தால் போதும். மீன்பிடிக்கும் ஊத்தாக் கூடை வைத்திருப்பவர் ஊத்தா, இல்லாதவர் கொசுவலை, அதுவும் இல்லாதவர் பொண்டாட்டியின் பழைய சேலை. அரிக்கேன் விளக்கும் டார்ச் லைட்டுமாகக் கலுங்குக்குக் கீழே ஒரு கூட்டம். கரிசல் மண் ஈரத்தில் காலைப் பிடித்து இழுக்கும். செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தவன் ஒற்றைச் செருப்போடுதான் திரும்புவான்.

மாமா என்னைக் கலுங்குக்கு நேரே நிற்க விடவில்லை. ஓடையின் ஓரத்தில், புல் முங்கி முழங்கால் அளவு தண்ணீர் பரவியிருந்த ஒரு புஞ்சைக்குக் கூட்டிப் போனார். டார்ச்சை அணைத்துவிட்டுச் சும்மா நிற்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் புல்லுக்குள் சளப்சளப்பென்று சத்தம் வந்தது. விளக்கை அடித்துப் பார்த்தால், வயிறு பருத்த ஒரு கெண்டையை மெலிந்த கெண்டைகள் இரண்டு மூன்று நெருக்கியடித்துக்கொண்டு போயின. பருத்தது புல்லின் அடியில் உடம்பை ஒருக்களித்தது. மற்றவை அதன் விலாவில் உரசின. ஒரு நொடி. தண்ணீர் கலங்கி வெளுத்தது. அவ்வளவுதான், கலைந்து போய்விட்டன.

மாமா ஒரு கெண்டையைப் பிடித்து என் உள்ளங்கையில் வைத்தார். வயிற்றை லேசாகப் பெருவிரலால் தடவினார். பின்பக்கத்திலிருந்து மஞ்சளும் பச்சையுமான சிறு மணிகள் வழிந்து என் ரேகைகளில் ஒட்டிக்கொண்டன. இன்னொன்றைத் தடவியபோது வெள்ளையாக ஒரு சொட்டு வந்தது. "அது பொட்டை, இது ஆணு" என்றார். இரண்டையும் தண்ணீரில் விட்டுவிட்டார். அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. குழம்புக்கு ஆகுமே என்று.

அந்த வெள்ளைச் சொட்டுக்குள் நடப்பதைப் பற்றிப் பின்னாளில் விலங்கியல் வகுப்பில் படித்தபோது புஞ்சையில் கேட்ட சளப்சளப்பு காதுக்குள் வந்தது. மீனின் விந்தணுக்கள் உடம்புக்குள் இருக்கும் வரை அசைவதே இல்லை. விந்துத் திரவத்தில் இருக்கும் உப்புச் செறிவு அவற்றைக் கட்டிப்போட்டிருக்கிறது. நன்னீரில் விழுந்ததும் சுற்றிலும் செறிவு சட்டென்று குறைகிறது; அதுதான் அவற்றுக்குப் புறப்படும் உத்தரவு. கடல்மீனுக்கு நேரெதிர், அங்கே செறிவு கூடினால் உத்தரவு. ஓடுவதற்குக் கிடைக்கும் அவகாசம் கெண்டை வகைகளுக்கு ஒரு நிமிஷத்துக்கு முன்னே பின்னேதான். முட்டைக்கும் பொறுமை கிடையாது. அதன் ஓட்டில் விந்தணு நுழைய ஒரே ஒரு நுண்துளை இருக்கிறது. தண்ணீர் பட்டதும் முட்டை ஊதத் தொடங்கும், துளையும் சீக்கிரமே அடைபட்டுவிடும். ஆகவே ஆணும் பெண்ணும் ஒரே இடத்தில், ஒரே நொடியில், உடம்போடு உடம்பு ஒட்டி இரண்டையும் விட்டாக வேண்டும். பிந்தினால் அந்த வருஷத்துப் பாடெல்லாம் வீண்.

மற்றவர்கள் மாமாவைப் போல விட்டுவிடுகிற ஆட்கள் இல்லை. பெட்டி பெட்டியாக மீன் வீட்டுக்கு வரும். பெரும்பாலும் சினைமீன். ஆச்சி அரிவாள்மனை முன்னால் உட்கார்ந்து, சாம்பலைத் தொட்டுக்கொண்டு, "வாயும் வயிறுமா இருக்கறத இப்பிடியாலே அள்ளிட்டு வருவீக" என்று வைதுகொண்டே செதிலை உரசுவாள். வைவாளே தவிர சினையை வீணாக்க மாட்டாள். வயிற்றைக் கீறி, பித்தப்பை உடையாமல் கிள்ளி எறிந்துவிட்டு, இரண்டு மடலாகக் கிடக்கும் சினையை அலுங்காமல் எடுத்து வைப்பாள். மஞ்சள்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு பிசறி, சின்ன வெங்காயத்தோடு மண்சட்டியில் வதக்கினால் நாங்கள் அடித்துக்கொள்வோம். சதையை அவ்வளவாக மதிக்க மாட்டாள். "சினை வச்ச மீனு சதை சப்புன்னு கெடக்கும். எல்லாத்தையும் வயித்துக்கு ஏத்திருச்சு பாரு" என்பாள்.

ஆச்சி பள்ளிக்கூட வாசல் மிதித்தவள் இல்லை. ஆனால் அவள் சொன்னது உடலியல் பாடம். முட்டைக்குள் இருக்கும் மஞ்சள் கருவின் சரக்கு சினைப்பையில் உண்டாவதில்லை. மீனின் கல்லீரலில் உண்டாகிறது. சினைப்பை சுரக்கும் எஸ்ட்ரடையால் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் உடனே வைட்டலோஜெனின் என்ற புரதத்தைத் தயாரித்து ரத்தத்தில் விடும். முட்டைகள் அதை உறிஞ்சிக்கொண்டு பருக்கும். இதற்கான கொழுப்பும் புரதமும் தாயின் உடம்பில் சேமித்து வைத்ததுதான். சினை ஏற ஏறச் சதை வற்றும்.

இத்தனைக்கும் மேலே இருந்து கணக்குப் பார்ப்பது மூளை. பொழுதின் நீளம், தண்ணீரின் சூடு, புதுமழைத் தண்ணீரின் வரத்து எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. மூளையின் அடிப்பகுதி ஒரு ஹார்மோனை விட, அதற்குக் கீழே தொங்கும் கடுகளவு பிட்யூட்டரி சுரப்பி விழித்துக்கொண்டு தன் ஹார்மோன்களைச் சினைப்பைக்கும் விந்தகத்துக்கும் அனுப்புகிறது. முட்டை பருப்பது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும் வேலை. கடைசிப் படி, அதாவது முட்டை முழுதாகப் பழுத்துச் சினைப்பையை விட்டு நழுவுவது, சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பல கெண்டை வகைகளில் அந்தக் கடைசிப் படிக்கு வெள்ளம் வர வேண்டும். வராவிட்டால் மீன் காத்திருக்கும். கடைசிவரை வராவிட்டால் முட்டைகளை உடம்பே கரைத்து உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். மழை பொய்த்த வருஷம் எங்கள் சம்சாரிக்கு மட்டும் நஷ்டம் இல்லை.

விராலின் குடித்தனம் வேறு மாதிரி. அதற்கு வெள்ளத்தில் ஏறிப் போகிற அவசரம் கிடையாது. கரையோரம் பாசியையும் கோரையையும் வாயால் விலக்கி, தண்ணீரின் மேல்பரப்பில் வட்டமாக இடம் ஒதுக்கிக்கொள்ளும். முட்டையில் எண்ணெய்ச் சொட்டு இருப்பதால் மிதக்கும். ஒன்றரை நாள் வாக்கில் பொரித்துவிடும். குஞ்சுகள் செங்கல் பொடியைத் தண்ணீரில் தூவியது போலச் சிவப்பாக ஒரே திரளாக மேலே வந்து கொப்பளித்துவிட்டு உள்ளே போகும், திரும்பவும் வரும். அடியில் தாயும் தகப்பனும் காவல். தகப்பன்தான் அதிகம் நிற்கும். தவளை வந்தாலும் பாயும், தண்ணீர்ப் பாம்பு வந்தாலும் பாயும், எங்கள் காலைக்கூட முட்டியிருக்கிறது.

அந்தப் பாசத்தை வைத்தே அதைப் பிடிப்பார்கள். சின்னத் தவளையைத் தூண்டிலில் குத்திக் குஞ்சுத் திரளுக்கு நடுவே ஆட்டினால், பசியில்லாத விராலும் பாய்ந்து கவ்வும். கவ்வுவது தின்பதற்கு இல்லை, விரட்டுவதற்கு. என்னைவிடப் பெரிய பையன் ஒருவன் கரையில் குத்தவைத்து அப்படி ஒன்றைத் தூக்கியதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். முழங்கை நீளம், கருப்பு முதுகு, கரையில் விழுந்தும் வாயில் கவ்வியதை விடவில்லை. குஞ்சுகள் வழக்கம்போல மேலே வந்து கொப்பளித்தன. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது திரள் பாதியாகியிருந்தது. கெளுத்திகள் சுற்றி வந்தன. மறுநாள் ஒன்றுகூட இல்லை. விஷயம் ஆச்சிக்குத் தெரிந்ததும், அந்தப் பையன் நம் வீட்டுப் படியேறக் கூடாது என்று சொல்லிவிட்டாள். குஞ்சோடு நிற்கும் விரால் எங்கள் அடுப்பில் ஏறியதே கிடையாது.

கிணற்று மீன் கதை தனி. மலேரியாக்காரர் என்று நாங்கள் கூப்பிடும் சுகாதார ஊழியர் ஒருவர் டப்பாவில் பொடிமீன் கொண்டுவந்து கிணற்றில் ஊற்றிவிட்டுப் போவார். கொசுப்புழுவைத் தின்னுமாம். கம்பூசியா என்று பெயர் சொன்னார். எங்கள் வாயில் அது கம்பூசி. அமெரிக்கச் சரக்கு, 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குள் வந்தது. வாளியில் ஏறி வந்த ஒன்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு ஜன்னலில் வைத்திருந்தேன். வயிற்றின் பின்பக்கம் கருப்பாக ஒரு பொட்டு. ஒரு நாள் காலை அந்தப் பொட்டுக்குக் கீழே என்னவோ துருத்திக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சுருண்டுகிடந்த ஒரு துணுக்கு நழுவி விழுந்தது, அடியைத் தொடுவதற்குள் நிமிர்ந்தது, நீந்தியது. கண் இருந்தது, வால் இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது. மீன் குட்டி போடுகிறது என்று தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினேன். ஆட்களைக் கூட்டி வருவதற்குள் தாய் இரண்டைத் தின்றுவிட்டிருந்தது.

இந்த இனத்தில் ஆணின் அடித்துடுப்பு நீண்டு ஒரு தனி உறுப்பாகவே மாறியிருக்கிறது. அதன் வழியாக விந்து பெண்ணுக்குள் போகிறது. ஒருமுறை வாங்கியதைப் பெண் சேமித்து வைத்து, ஆண் பக்கத்தில் இல்லாமலே அடுத்தடுத்து ஈனும். தனியாகக் கிடந்த பாட்டில் மீன் குட்டி போட்ட மர்மம் அதுதான். கொசுவோடு நிற்காமல் நாட்டு மீன்களின் முட்டையையும் தவளைக் குஞ்சையும் தின்று தீர்க்கும் என்பதை உலகம் ரொம்பப் பிந்தித்தான் ஒத்துக்கொண்டது.

ஜிலேபிக் கெண்டை எங்கள் கண்மாய்க்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆப்பிரிக்க மீன், 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தார்கள். ஆண், தரையில் குழி பறிக்கும். பெண் அதில் முட்டையிட்டு உடனே வாயில் அள்ளிக்கொள்ளும். பொரித்துக் குஞ்சு தெளியும் வரை பத்துப் பன்னிரண்டு நாள் வாய்க்குள்தான், அதுவரை இரையெடுப்பதும் கிடையாது என்று சொல்லலாம். வலையில் சிக்கிய ஜிலேபி வாயைத் திறந்து குஞ்சுகளைத் துப்பியதைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்தோம். பிறந்து மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தயாராகிவிடும். முட்டை சில நூறுதான், ஆனால் ஒன்றும் வீண்போகாது. கண்மாய் முழுக்கக் கையகலக் குஞ்சாக நிறைந்து, எதுவும் பெரிதாகாமல் போனது. இதைப் பரப்ப வேண்டாம் என்று 1959இலேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு தடை சொல்லிவிட்டது. தடை காகிதத்தில் இருந்தது, மீன் கண்மாயில் இருந்தது.

தூத்துக்குடிக் கடல்மீன் எப்போதாவது பஸ் ஏறி வரும். மீன்காரம்மாவிடம் கொடுவா வாங்கும்போது ஆச்சி, "சின்னதுல சினையே பாத்ததில்ல தாயி" என்று குறைபட்டுக்கொள்வாள். பார்த்திருக்கவே முடியாது. கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாகவே முதிர்ந்து, சில வருஷம் போய்ப் பெரிதான பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. களவாய் மீனில் தலைகீழ். முதலில் பெண், பிறகு ஆண். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் வைத்தே முட்டையிட வைத்தது. சின்னதும் பெரியதுமாகப் பார்த்துச் சேர்த்தால்தான் அது ஜோடி.

நான் மேல்படிப்புக்கு வெளியூர் போன காலத்தில் கண்மாய் மீன் ஏலத்துக்குப் போய்விட்டது. குத்தகைக்காரர் ஆக்சிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு கொண்டுவந்து விட்டார். வடக்கத்தி ஆற்று மீன்கள். வெள்ளம் புரளும் ஆற்றில்தான் அவை முட்டையிடும். தேங்கின தண்ணீரில் சினை நிறைந்தாலும் கடைசிப் படி நடக்காது. ஒரு காலத்தில் இவற்றின் குஞ்சு வேண்டுமென்றால் வெள்ள நேரத்தில் கங்கை மாதிரி ஆறுகளில் வடிகட்டி எடுக்க வேண்டும். கண்ட மீனும் கலந்து வரும்.

அதை மாற்றியவர் ஹீராலால் சௌத்ரி. 1957 ஜூலை 10ஆம் தேதி, ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில், கே. எச். அலிகுன்ஹியோடு சேர்ந்து செய்தார். முதிர்ந்த மீனின் தலையைத் திறந்து பிட்யூட்டரி சுரப்பியை எடுத்து, அரைத்து, வடித்து, சினையோடு இருந்த கெண்டைக்கு ஊசி போட்டார். குளத்தில் கிடந்த மீன் வெள்ளம் வந்துவிட்டதாக நம்பி முட்டையிட்டது. ஜூலை 10 இன்றைக்கும் தேசிய மீன் வளர்ப்போர் தினம். இப்போது சுரப்பி அறுக்கும் வேலை இல்லை. சீனாவின் லின்னும் கனடாவின் பீட்டரும் கண்டுபிடித்த வழி வேறு. மீனின் மூளையில் டோபமைன் என்ற தடுப்புக்கட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளம் வரும்வரை பிட்யூட்டரியை அடக்கி வைப்பதில் அதற்குப் பங்குண்டு. அந்தக் கட்டையை நீக்கிவிட்டு, கூடவே மூளை ஹார்மோனின் செயற்கை வடிவத்தையும் கொடுத்தால் வேலை முடிந்தது. கட்டையை நீக்கும் மருந்து டோம்பெரிடோன். நமக்கு வாந்திக்கு டாக்டர் எழுதித் தரும் அதே டோம்பெரிடோன்தான்.

மணிமுத்தாறு அரசு மீன்விதைப் பண்ணைக்குப் பின்னாளில் போயிருந்தபோது, ஒரு பணியாளர் ரோகுவின் பக்கத்துடுப்பைத் தடவிப் பார்க்கச் சொன்னார். பருவ காலத்தில் ஆணுக்கு அது சொரசொரப்பாக இருக்கும், பெண்ணுக்கு வழவழப்பு. விரல் நுனியிலேயே தெரிந்தது. ஒரு கிலோ ரோகுவின் வயிற்றில் லட்சத்துக்கு மேல் முட்டை. எவ்வளவு பெரிய காரியம் என்று மலைப்பாகத்தான் இருந்தது. மீன்விலை ஏழைக்கு எட்டுகிற அளவில் இருப்பதற்கு அந்த ஊசியும் ஒரு காரணம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் குத்தகைக் கண்மாயில் விட்ட குஞ்சைத் தின்னும் விரோதி என்று விராலையும் குரவையையும் முதலில் வழித்தெடுத்தார்கள். கெண்டைக்கும் அயிரைக்கும் ஆராவுக்கும் யாரும் ஊசி போடப் போவதில்லை. அவற்றுக்கு மறுகால்தான் மருந்து.

அந்த மறுகால் ஓடை இப்போது சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிறது. பல இடங்களில் ஓடை எது, பட்டா எது என்று தெரியவில்லை. தண்ணீர் விழுகிற வருஷம் விழுந்த அன்றைக்கே நைலான் வலையைக் குறுக்கே கட்டிவிடுகிறார்கள். ஊத்தாவுக்குத் தப்பும் மீன் உண்டு. கரைக்குக் கரை கட்டிய வலைக்குத் தப்பாது.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, மீன் இனம் பெருகட்டும் என்று. எங்கள் கண்மாய்க்கரையில் அப்படியொரு தடையைப் போட்டு நான் பார்த்ததில்லை. 61 நாள் கேட்கவில்லை. மறுகால் விழுந்த முதல் மூன்று நாள் கலுங்குக்குக் கீழே வலை கட்டாமல் இருந்தால் போதும்; ஏறுகிற மீன் ஏறி, முட்டையை விட்டுவிட்டு இறங்கும்போது பிடித்துக்கொள்ளலாம், சதையும் தை மாதத்தில் தேறியிருக்கும். ஊர்க்கூட்டத்தில் ஒருமுறை பேசி முடிவெடுக்கிற காரியம் இது. அப்படியே, சிவப்புத் திரளோடு நிற்கும் விராலுக்குத் தூண்டில் போடுவதில்லை என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.